நேற்று வந்தவர்கள் எழுதட்டும்

எனக்கு வயது எழுபத்து மூன்று. ஏழு பேரை வளர்த்தேன். ஐந்து பேர் நான் பெற்றவர்கள், இரண்டு பேர் சாமியார்கள். இரு வகையையும் வளர்த்தவள் என்ற முறையில் சொல்கிறேன், சாமியார்களை வளர்ப்பதுதான் சிரமம். பசித்தால் சொல்ல மாட்டார்கள். தப்புச் செய்தால் அடிக்கவும் முடியாது.

பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருக்கும் நம் மடத்தில் இருபத்தாறு வருஷம் சமையல் கட்டைப் பார்த்தேன். முட்டி மடங்க மறுத்ததால் இரண்டு வருஷத்துக்கு முன்னால் கரண்டியைக் கீழே வைத்தேன். இப்போது காவி கட்டியிருக்கும் நீங்கள் மூன்று பேரும் அதற்குப் பிறகு வந்தவர்கள். என் கையால் சாப்பிட்டதில்லை. அது உங்கள் நஷ்டம். ஆனாலும் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள் நாம். சேவையில் நான் உங்களுக்கு மூத்தவள்.

உங்கள் மடத் தலைவர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தார். வருகிற குருபூசைக்கு மடத்து வழக்கங்களைப் பற்றிச் சின்னதாக ஒரு புத்தகம் போட வேண்டுமாம். அதைப் புதிதாக வந்தவர்கள்தான் எழுத வேண்டும் என்று உங்களிடம் கேட்டாராம். ஒருவர், "நான் நேத்து வந்தவன்" என்றாராம். இன்னொருவர், தன் தமிழ் அச்சில் வரும் அளவுக்கு இல்லை என்றாராம். மூன்றாமவர், சந்நியாசி எழுதினால் அது அகங்காரம் என்றாராம். மூன்றும் மரியாதையான பதில்கள். மூன்றையும் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

"நீங்களே உத்தரவு போட்டா எழுதிட்டுப் போறாங்க சாமி" என்றேன்.

"உத்தரவுக்குப் பயந்து எழுதினா நல்லதை மட்டும் எழுதுவாங்கம்மா. நீங்க நடந்ததைச் சொல்லுங்க. அப்புறம் அவங்க இஷ்டம்."

எனக்கு என் பெயரை எழுதத் தெரியும். அரிசி மூட்டையில் பெரிதாக அச்சடித்திருப்பதை எழுத்துக் கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் கிடையாது. இதை நான் சொல்லச் சொல்ல ஐந்தாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி எழுதுகிறாள். எழுத்துப் பிழை இருந்தால் அவளுடையது. மற்ற பிழைகள் என்னுடையவை.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது மடத்தில் இரண்டே பேர். ஊரிலிருந்து இந்த மலாய் நாட்டுக்குக் கப்பலேறி வந்து மடத்தை ஆரம்பித்த பெரிய சாமி. அவரிடம் வந்து சேர்ந்து ஆறு மாதமே ஆன சின்ன சாமி. அந்தச் சின்ன சாமிதான் இன்றைக்கு உங்கள் தலைவர். அப்போது இருபத்திரண்டு வயது, கழுத்து மட்டும் நீளமாக இருப்பார்.

முதல் நாள் பெரிய சாமிக்கு இலை போட்டுச் சாதம் வைத்தேன். சாப்பிட்டார். இலை காலியாக இருந்தது, இன்னும் வைத்தேன். அதையும் சாப்பிட்டார். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் தண்டவாளம் தூக்கியவர். அவரே மூன்றாம் முறை கையை நீட்டி மறிப்பார். இவர் மறிக்கவில்லை. பெரிய மகானுக்குப் பசியும் பெரிதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மறுநாள் கூட்டும் குழம்பும் கூடுதலாக வைத்தேன். அதற்கடுத்த நாள் பாயசம். என் சமையலை இவ்வளவு மதித்த மனிதரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நாலாம் நாள் அவரால் எழுந்திருக்க முடியவில்லை. ரயில்வே ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸரைக் கூட்டி வந்தோம். என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். சொன்னேன். இது எத்தனை பேருக்கு என்று கேட்டார்.

அவர் போன பிறகு சின்ன சாமி சமையல் கட்டு வாசலில் வந்து நின்றார்.

"அம்மா, இந்த மடத்துல ஒரு வழக்கம் இருக்கு. இலையில விழுந்ததைச் சாப்பிடணும். வேணும்னு கேக்கக் கூடாது. வேணாம்னும் சொல்லக் கூடாது."

"இதை மொத நாளே சொல்லியிருக்கலாமே சாமி."

"நான் வந்து ஆறு மாசந்தான் ஆச்சு. மடத்து வழக்கத்தை நான் எப்படி எடுத்துச் சொல்றது? பெரியவர்தான் சொல்லணும்."

"வேணாம்கிற ஒரு வார்த்தையே அவரு வாயில வராது. வழக்கத்தை எப்ப சொல்லுவாரு?"

மூன்று நாளும் பக்கத்து இலையில் உட்கார்ந்து சின்ன சாமியும்தான் சாப்பிட்டார். வயது இளசு, தாங்கிக்கொண்டது. தெரிந்த ஒருவர் தனக்குச் சொல்லும் தகுதி இல்லை என்று இருந்தார். தெரியாத நான், கேட்டால் கௌரவக் குறைவு என்று இருந்தேன். நடுவில் ஒரு நல்ல மனிதர் படுத்துவிட்டார். அதற்குப் பிறகு இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொண்டேன்.

பெரிய சாமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச்சு குறைவு. எழுத்து அறவே இல்லை. ஏட்டிலும் இல்லை, தாளிலும் இல்லை. தன் பெயரையும் ஊரையும் யார் கேட்டாலும் சிரிப்பார். வாரத்தில் ஒரு நாள் சின்ன சாமியைக் கூட்டிக்கொண்டு ரயிலில் கிள்ளானுக்குப் போவார். அங்கிருந்து நடந்து ரப்பர் தோட்டங்களில் இருக்கும் நம் ஜனங்களைப் பார்த்துவிட்டு அடுத்த ரயிலில் திரும்புவார். நான் கட்டிக் கொடுக்கும் புளிச்சாதத்தில் பாதியை ரயிலில் யாருக்காவது கொடுத்துவிடுவார் என்று தெரிந்து, இரண்டு பங்காகக் கட்டுவேன். அப்போது இரண்டு பங்கையும் கொடுத்துவிடுவார்.

நான் சேர்ந்து ஒரு வருஷம் இருக்கும். கிள்ளானிலிருந்து திரும்பும்போது பெரிய மழை. தண்டவாளத்தில் தண்ணீர் ஏறியதால் ரயில் பாதி வழியில் நின்றுவிட்டது. அன்றைக்குப் பெரிய சாமி பேசினாராம். ஊரில் தன் குருநாதர் மறைந்தபோது அவரை எப்படிச் சமாதியில் வைத்தார்கள் என்று, குழி வெட்டியதிலிருந்து மண் மூடியது வரைக்கும் சொன்னாராம். நம் மடத்துப் பரம்பரையில் சாமிகளை எரிப்பதில்லை, உட்கார்ந்தபடியே மண்ணில் வைப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும். அன்றைக்கு இந்த ஊரில் அதைத் தெரிந்தவர் அவர் ஒருவர். கேட்டவர் ஒருவர். கடைசியாக, "என்னையும் அப்படியே உட்கார வெச்சுடு. எரிச்சுடாதே" என்றாராம். ரயில் நகர்ந்தது. பிரிக்பீல்ட்ஸ் வரைக்கும் வேறு பேச்சு இல்லை.

மறுநாள் மத்தியானம் சின்ன சாமி சமையல் கட்டு வாசற்படியில் உட்கார்ந்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தார். அங்கேதான் வெளிச்சம் நன்றாக விழும். நான் அரிசி களைந்துகொண்டே, "என்ன சாமி எழுதறீங்க, வீட்டுக்குக் காயிதமா?" என்றேன்.

"மடத்து விஷயம்மா. மறந்து போறதுக்குள்ள எழுதி வெக்கிறேன்."

"வாசிங்க, கேக்கறேன்."

வாசித்தார். நாலு பக்கம். கேட்டுக்கொண்டிருக்கும்போதே எனக்குக் கை நின்றுவிட்டது. பெரிய சாமி உள்ளே உயிரோடு உட்கார்ந்திருக்கிறார். மூச்சு விடுகிறார். இந்தப் பிள்ளை அவருக்குக் குழி எவ்வளவு ஆழம் என்று எழுதிக்கொண்டிருக்கிறது.

"காவி கட்டி ரெண்டு வருஷம் ஆகல. அதுக்குள்ள குருவுக்குக் குழி வெட்டற கணக்கா?" என்றேன். "இப்படி எழுதி வெச்சா அது பலிச்சுடும். இதெல்லாம் எழுதறதுக்கு நீங்க யாரு?"

கையை நீட்டினேன். கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று சொல்லக் கூடாது என்ற வழக்கத்தை அதற்குள் அவரும் நன்றாகக் கற்றிருந்தார். நாலு பக்கத்தையும் அடுப்பில் போட்டேன். காய்ந்த தாள், உடனே பிடித்தது. அவர் தண்ணீர் இறைக்கப் போனார். அதற்குப் பிறகு வெகு நாள் அவர் எதையும் எழுதி நான் பார்க்கவில்லை.

பெரிய சாமி அதன் பிறகு ஒரு வருஷமும் நாலு மாசமும் இருந்தார். அது நான் வாங்கிக் கொடுத்த ஆயுசு என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலை, பூசைக்கு உட்கார்ந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார். சின்ன சாமி சமையல் கட்டு வாசலுக்கு வந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை.

"அம்மா, அடுப்பை அணைச்சுடுங்க" என்றார்.

அணைத்துவிட்டுப் போய்ப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த வேலை ஒன்று இருந்தது. என் வீட்டுக்காரரையும் மாமனார் மாமியாரையும் அனுப்பியவள் நான். உடம்பு விறைக்க எவ்வளவு நேரம் ஆகும் என்று தெரியும்.

"கால மடக்கி உட்கார வெச்சுக் கட்டணும் சாமி. இப்பவே. ஆளுங்க வர்றதுக்குள்ள."

இரண்டு பேருமாகச் சம்மணம் போட்டு உட்கார வைத்தோம். முதுகுக்குப் பலகை கொடுத்து, காவித் துணியால் கட்டினோம். உட்கார்ந்து விறைத்த உடம்பைச் சிதையில் படுக்க வைப்பது சுலபமில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

ஒரு மணி நேரத்தில் மடத்து முற்றம் நிறைந்துவிட்டது. ரயில்வே ஆட்கள், கடைக்காரர்கள், பெண்கள். யாரோ விறகுக்குச் சொல்லி அனுப்பி மாட்டு வண்டியும் வந்துவிட்டது. மடத்துக் காரியங்களை முன்னின்று பார்ப்பவர் ரயில்வே ஆபீஸில் கணக்கெழுதும் பெரிய கிராணியாராக இருந்த ஒரு யாழ்ப்பாணத்துக்காரர். நேர்மையான மனிதர், சந்தேகம் அதிகம். உள்ளே வந்து சாமி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"இதென்ன செய்து வைச்சிருக்கிறியள்?"

"சாமியை எரிக்கக் கூடாதுங்க ஐயா. உட்கார வெச்சு மண்ணுல வெக்கணும். அவரே சொல்லியிருக்காரு."

"ஆரிட்டைச் சொன்னவர்?"

சின்ன சாமியைக் காட்டினேன். கிராணியார் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எழுத்திலை ஏதும் இருக்கோ?"

சின்ன சாமி என்னைப் பார்க்கவில்லை. "இல்லை" என்று மட்டும் சொன்னார்.

கிராணியார் உட்கார்ந்து விஷயத்தை விளக்கினார். டவுனுக்குள் மடத்து நிலத்தில் அடக்கம் செய்வதென்றால் சுகாதார இன்ஸ்பெக்டரின் அனுமதி வேண்டும். இது இந்த மடத்தின் முறை, இப்படி இப்படிச் செய்வோம் என்று எழுத்தில் கொடுக்க வேண்டும். மூன்று மணிக்கு மேல் ஆபீஸில் மனு வாங்க மாட்டார்கள். அதற்குள் தாள் போகவில்லை என்றால் சாயங்காலம் சுடுகாடுதான், வேறு வழி இல்லை.

"இங்கிலீசிலை எழுதி நான்தான் கையெழுத்து வைக்கோணும்" என்றார். "நேற்றுக் காவி கட்டின பொடியன் ரெயிலிலை கேட்ட கதையெண்டு நான் துரைக்கு எழுதிக் குடுக்கிறதோ? நாளைக்கு ஊரிலையிருந்து பெரிய மடத்துக்காரர் வந்து, ஆர் சொல்லி இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு கேட்டால் என்ன சொல்லுறது?"

நியாயமான கேள்வி. சின்ன சாமி, "ஐயா சொல்றது சரிதான். நான் சொன்னா எப்படி ஏத்துக்குவாங்க" என்றார். அதாவது எரித்தாலும் சரி என்கிறார். குரு கேட்டது ஒரே ஒரு காரியம். அதைக் கூட வாய் திறந்து பிடித்துக்கொள்ளத் தெரியாமல் நிற்கிறார். இதெல்லாம் எழுதுவதற்கு நீங்கள் யார் என்று கேட்டவள் நான். அந்தக் கேள்விக்கு அவர் இன்னும் தலைகுனிந்துகொண்டிருந்தார்.

அவரைச் சமையல் கட்டுக்குக் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினேன். பேத்தி வைத்திருப்பது போல ஒரு நோட்டைப் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் வீட்டிலிருந்து வாங்கியிருந்தேன்.

"உட்காருங்க. எழுதுங்க."

"அம்மா, நான்..."

"வெளிய நூறு பேரு நிக்கிறாங்க. அதுல அவர் பக்கத்துல மூணு வருஷம் உட்கார்ந்தவங்க எத்தனை பேரு?"

"யாரும் இல்லை."

"அப்ப நீங்கதான் மூத்தவரு. எழுதுங்க."

எழுத ஆரம்பித்தார். குழியின் ஆழம். அடியில் விரிக்கும் பாய். உப்பு எதுவரை, திருநீறு எதுவரை, கற்பூரம் எதுவரை. யார் முதலில் மண் போடுவது. ஒவ்வொரு வரியையும் வாய் விட்டுச் சொல்லி எழுதினார், நான் கேட்டேன். அன்றைக்கு வாசித்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருந்த இடத்தில் நிறுத்தினேன். இரண்டு முறை நிறுத்த வேண்டியிருந்தது. பிறகு அவராகவே நின்றுவிட்டார்.

"அம்மா, அவரை எந்தத் திசை பார்த்து வெக்கணும்? வடக்கா, கிழக்கா?"

"அன்னிக்கு எழுதின தாள்ல இருந்துச்சா?"

"இருந்துச்சு."

எனக்கும் ஞாபகம் வரவில்லை. கதவுக்கு வெளியே யாரோ மணி ஒன்று ஆகிவிட்டது என்று சொன்னது கேட்டது. ஏதாவது ஒன்றை எழுதச் சொல்லியிருக்கலாம், கண்டுபிடிக்க யாரும் இல்லை. ஆனால் இன்னொரு முறை அந்தத் தாளில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

"தெரியலைன்னு எழுதுங்க சாமி" என்றேன்.

அப்படியே எழுதினார். குரு திசை சொன்னார், எனக்கு மறந்துவிட்டது என்று.

கிராணியார் நின்றபடியே வாசித்தார். கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"திசை மறந்து போச்செண்டு எழுதிக் கிடக்கு."

"ஆமாங்க ஐயா."

"கதை கட்டுறவன் திசையை மறக்க மாட்டான்" என்றார். "அப்ப மிச்சமெல்லாம் காதாலை கேட்டதுதான்." திரும்பி முதல் முறையாக அந்தப் பிள்ளையைச் சாமி என்று கூப்பிட்டார். "சாமி, உப்புக்கு ஆளை அனுப்புங்கோ. நான் இதை இங்கிலீசிலை எழுதிக்கொண்டு ஓடுறன்."

உப்பு வாங்க நான்தான் போனேன். பாசார் சந்தைப் பக்கம் இருந்த சீனர் கடையில் எட்டு மூட்டை கேட்டேன். எதற்கு இவ்வளவு உப்பு, மீன் காயப் போடுகிறாயா என்று அவர் மலாயில் கேட்டார். எங்கள் சாமிக்கு என்றேன். கடைப் பலகைகளைச் சாத்தி, மூட்டைகளோடு அவரும் வண்டியில் ஏறிக்கொண்டார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது தாள் உள்ளே போனது. நாலரைக்கு அனுமதி வந்தது. குழி தயாராக இருந்தது. திசை என்ன என்று வெட்டியவர்கள் கேட்டார்கள். சின்ன சாமி கிராணியாரைப் பார்த்தார், கிராணியார் என்னைப் பார்த்தார். கிழக்குப் பக்கம்தான் மடத்து வாசல். வருகிற ஜனங்களைப் பார்த்துக்கொண்டு இருக்கட்டும் என்று தோன்றியது. "கிழக்கு" என்றேன். அப்படியே உட்கார வைத்தார்கள்.

ஊரில் இருந்த பெரிய மடத்துக்குச் சின்ன சாமி நடந்ததை எல்லாம் எழுதிப் போட்டார். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. எல்லாம் முறைப்படியே செய்திருக்கிறீர்கள், இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஒன்றையும் விடாமல் செய்தது ஆச்சரியம் என்று எழுதியிருந்தார்கள். திசை மட்டும் வடக்கு.

சமாதியைத் திரும்பத் திறக்கக் கூடாது. பெரிய சாமி இன்றைக்கும் கிழக்கே பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார்.

இனி உங்களுக்கு வருகிறேன். போன தைப்பூசத்துக்குக் கிள்ளானிலிருந்து வந்தவர்களுக்கு, உங்கள் மூவரில் உயரமானவர் சமாதியைச் சுற்றிக் காட்டியதை நான் தூணோரம் உட்கார்ந்து கேட்டேன். நம் மடத்துக் குருமார்கள் கிழக்கு நோக்கி அமர்வது மரபு, ஞான சூரியன் உதிக்கும் திசை அது, மற்ற மடங்களுக்கு இல்லாத தத்துவம் நமக்கு உண்டு என்று சொன்னீர்கள். நல்ல குரல், நல்ல தமிழ். அச்சில் போடலாம். ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் கண் கரித்தது, அடுப்புப் புகை ஞாபகம் வந்து.

உங்களைக் குறை சொல்ல மாட்டேன். யாரும் எழுதி வைக்கவில்லை, நீங்கள் இருப்பதைப் பார்த்து யூகித்தீர்கள். இன்னும் இருபது வருஷம் போனால் அடுத்த சாமியையும் கிழக்கே பார்த்து வைப்பார்கள், ஏன் என்று கேட்டால் உங்கள் விளக்கத்தைச் சொல்வார்கள். உங்கள் தலைவருக்கு இப்போது வயது ஏறுகிறது. அவரையாவது சரியான பக்கம் திருப்பி வையுங்கள்.

மூத்தவர்கள் எழுதட்டும் என்று காத்திருக்காதீர்கள். எனக்கு இத்தனை வருஷத்தில் மடத்தில் எது வழக்கம், எது என் சோம்பல் என்றே பிரித்துச் சொல்லத் தெரியாது. எதைப் பார்த்தாலும் எப்போதும் இப்படித்தான் என்று தோன்றுகிறது. நீங்கள் வந்த முதல் மாதத்தில் எதைப் பார்த்து விழித்தீர்களோ, அதை எழுதுங்கள். யாரிடம் கேட்டீர்கள், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். மறந்திருந்தால் மறந்துவிட்டது என்று எழுதுங்கள். அகங்காரத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். அந்த ஒரு வரியை எழுதும்போது உங்கள் தலைவர் முகத்தை நான் பார்த்தேன், அதில் அகங்காரம் இல்லை.

அந்த நாலு பக்கம் என்ன ஆனது என்று அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. கிராணியார் சாகும் வரைக்கும் கேட்டுக்கொண்டே இருந்தார், அப்போதும் சொல்லவில்லை. என்னைக் காப்பாற்றுகிறார். எனக்கு அந்தக் காப்பு வேண்டாம். எரித்தது நான். திசையைச் சொன்னதும் நான். புத்தகத்தில் என் பெயரைப் போட்டு அதை எழுதுங்கள்.

இந்த இடத்தில் என் பேத்தி பென்சிலை நிறுத்திவிட்டாள்.

"இது வேணாம் பாட்டி. எல்லாரும் உங்களைத்தான் தப்பா பேசுவாங்க."

"பேசட்டும். எழுது."

"கடைசி ரெண்டு வரியை மட்டும் விட்டுடறேனே."

"நான் சொன்னதை எழுது கண்ணு. எழுதிட்டியா? சரி, இப்ப மொதல்லேர்ந்து வாசி. மெதுவா வாசி, கேக்கறேன்."